பல்லுக்குக் கம்பி போட்டால் போதுமா? தாடையே பொருந்தாமல் இருந்தால்?

"பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கு. கம்பி போட்டா சரியாயிடும்."

பெரியம்மாவோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ இதைச் சொல்லாத வீடு குறைவு. பெரும்பாலான நேரம் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் சிலருக்கு மட்டும் பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வேறு மாதிரி பேசுகிறார். "பிரச்சினை பல்லுல இல்ல, தாடையில இருக்கு. நிபுணரைப் பாருங்க."

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வருடம் பிரேசஸ் போட்டுக்கொண்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவரிடம் அறுவை சிகிச்சை, வளர்ச்சி நிற்கும்வரை காத்திருப்பு என்றெல்லாம் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? சிலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் "கம்பியே போதும்" என்று சொல்லும் இடம் கிடைக்கும்வரை தேடுகிறார்கள்.

எந்த முடிவை எடுப்பதாக இருந்தாலும், நிபுணர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது முதலில் புரிய வேண்டும்.

பல்லா, எலும்பா?

வாயை மூடும்போது மேல்பற்கள் கீழ்ப்பற்களை இலேசாக மூடியபடி வந்து உட்கார வேண்டும். இதைத்தான் மருத்துவர்கள் 'கடிப்பு' என்கிறார்கள். அது பொருந்தாமல் போக இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தாடை எலும்புகள் சரியான இடத்தில் இருந்தும் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டோ திரும்பியோ முளைத்திருக்கலாம். தெத்துப்பல் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, பற்கள் வரிசையாகவே இருந்தாலும் அவற்றைத் தாங்கும் மேல்தாடையோ கீழ்த்தாடையோ அளவுக்கு மீறி வளர்ந்திருக்கலாம், அல்லது வளராமல் பின்தங்கியிருக்கலாம்.

முதல் வகைக்குப் பிரேசஸ் போதும். இரண்டாவது வகையில்தான் சிக்கல்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கடிப்புகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் உங்கள் மருத்துவக் குறிப்பில் 'கிளாஸ் டூ', 'கிளாஸ் த்ரீ' என்று எழுதியிருந்தால் அது அவர் போட்ட கணக்குதான். கிளாஸ் டூ என்றால் கீழ்ப்பற்கள் பின்தங்கி, மேல்பற்கள் முன்னால் நிற்கும். கிளாஸ் த்ரீ அதற்கு நேர்மாறு, கீழ்வரிசை முன்னால் வந்துவிடும். கிளாஸ் த்ரீ கிழக்காசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுவதால் சிங்கப்பூர் நிபுணர்களுக்கு அது மிகவும் பழகிய ஒன்று.

ஆங்கிள் பார்த்தது பற்களை மட்டும்தான். எலும்பின் கதை வேறாக இருக்கலாம். அதனால்தான் நிபுணர் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றை எடுக்கச் சொல்வார். மண்டை ஓட்டின் அடிப்பகுதியை ஒப்பிட்டு மேல்தாடை எங்கே, கீழ்த்தாடை எங்கே, பற்கள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று அதில் அளந்து பார்ப்பார். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தால் முப்பரிமாண ஸ்கேனும் தேவைப்படலாம்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய சில அறிகுறிகளும் உண்டு. மீ கோரெங் சாப்பிடும்போது மீயை முன்பற்களால் கடித்து அறுக்க முடிகிறதா? கடைவாய்ப்பற்கள் மூடியிருந்தும் முன்பற்களுக்கு இடையே நாக்கு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது 'திறந்த கடிப்பு'. கீழ் முன்பற்கள் மேல் அண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கினால் அதுவும் காட்ட வேண்டிய ஒன்றுதான். கண்ணாடியில் பார்க்கும்போது தாடை நுனி மூக்கின் நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகியிருந்து, அந்த விலகல் வருடத்துக்கு வருடம் கூடினால் தாமதிக்கவே கூடாது.

பல் எப்படி நகர்கிறது?

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு உருவாகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதுவே நல்ல வேகம். வேகமாக இழுத்தால் வேலை சீக்கிரம் முடியாது. வேர்நுனி தேயும் ஆபத்துதான் கூடும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. பல் நகர்வது அதைச் சுற்றியுள்ள எலும்புக்குள்தான். எலும்பே பல மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், கம்பியால் அதன் மேலுள்ள பல்லைச் சாய்க்கத்தான் முடியும்.

அப்படிச் சாய்த்துச் சமாளிப்பதும் ஒரு முறையான சிகிச்சைதான். முன்கடைவாய்ப்பற்களில் இரண்டோ நான்கோ எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் முன்பற்களைப் பின்னுக்கு இழுப்பார்கள். தாடைப் பொருத்தமின்மையை மறைப்பதால் அதை 'மறைப்புச் சிகிச்சை' என்று சொல்லலாம். பிரச்சினை மிதமாக இருந்தால் நல்ல பலன் தரும், அறுவை சிகிச்சையும் மிச்சம். ஆனால் எல்லை மீறிச் சாய்த்தால் வேர் மெல்லிய எலும்பை விட்டு வெளியே வரும், ஈறு இறங்கும், முகத்தோற்றமும் எதிர்பார்த்தபடி மாறாது. "கம்பியே போதும்" என்று ஒருவர் சொன்னால், எந்த எலும்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வளரும் வயது ஒரு வாய்ப்பு

அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறது. 7 வயதிலேயே கம்பியா என்று பெற்றோர் பதற வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு "இப்போ ஒண்ணும் வேணாம், அடுத்த வருஷம் வாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். சிலருக்கு மட்டும் அந்த வயது ரொம்ப முக்கியம்.

மேல்தாடை பின்தங்கிய கிளாஸ் த்ரீ பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். நெற்றியிலும் தாடை நுனியிலும் பொருத்தும் ஒரு சட்டத்திலிருந்து ரப்பர் பட்டைகளால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் 'முகச்சட்டம்' அவர்களுக்கு உதவும். பிரிட்டனில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்த ஆய்வின் தொடர்ச்சி 2016இல் வெளியானது. 6 ஆண்டுக்குப் பிறகு பார்த்தபோது, முகச்சட்டம் அணிந்தவர்களில் 36 விழுக்காட்டினருக்குத் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என நிபுணர் குழு மதிப்பிட்டது. அணியாதவர்களில் அது 66 விழுக்காடு. எல்லாருக்கும் பலித்துவிடவில்லை, ஆனால் வித்தியாசம் பெரிது. இரவில் சட்டத்தோடு தூங்கிய அந்தப் பிள்ளைகளின் பொறுமையையும் பாராட்டத்தான் வேண்டும்.

மேல் அண்ணம் குறுகலாக இருந்தால் அதன் நடுவில் உள்ள எலும்புத் தையலைச் சிறுவயதில் மெதுவாக விரிக்க முடியும். பதின்ம வயதின் பிற்பகுதியில் அந்தத் தையல் இறுகத் தொடங்கும். அதற்குப் பிறகு எலும்பில் சிறு திருகாணிகள் பதித்தோ அறுவை சிகிச்சை மூலமோதான் விரிக்க வேண்டியிருக்கும்.

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் கழற்றி மாட்டும் கருவிகள் உண்டு. அவை பற்களின் இடைவெளியை நன்றாகவே குறைக்கும். ஆனால் தாடையையே பெரிதாக வளர்த்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாத கோரைப்பல்

நிபுணரிடம் போகும் சிக்கல்களில் அதிகம் பேசப்படாத ஒன்று இது. மேல் கோரைப்பல் நூற்றில் சுமார் இரண்டு பேருக்குக் கீழே இறங்காமல் எலும்புக்குள்ளேயே, பெரும்பாலும் அண்ணத்தின் பக்கமாக, மாட்டிக்கொள்ளும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வலி இருக்காது. பால்பல் விழாமல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான் அடையாளம்.

அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எலும்புக்குள் திசை தவறிய பல், பக்கத்து வெட்டுப்பல்லின் வேரைச் சத்தமில்லாமல் தேய்த்துவிடலாம். உள்ளே ஒரு பல்லைத் தேடப்போய், வெளியே நன்றாக இருக்கும் பல்லையும் இழக்கும் நிலை அதனால்தான் வருகிறது.

சரியான வயதில் கண்டுபிடித்தால் தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ஸ்வீடனில் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். அண்ணப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த நிரந்தரப் பற்களில் 78 விழுக்காடு தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. வயது தாண்டிவிட்டால் ஈறைத் திறந்து, உள்ளே இருக்கும் பல்லின்மேல் சிறு சங்கிலியை ஒட்டி, மாதக்கணக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். வீட்டில் 10 வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், அடுத்த தடவை பள்ளிப் பல் மருந்தகத்துக்குப் போகும்போது கோரைப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள்.

தாடை அறுவை சிகிச்சை: முதலில் மோசமாகும், பிறகுதான் சரியாகும்

வளர்ச்சி முடிந்தவருக்குத் தாடைப் பொருத்தமின்மை பெரிதாக இருந்தால், எலும்பையே நகர்த்துவதுதான் வழி. வளரும்போதே செய்தால் தாடை மீண்டும் வளர்ந்து, செய்தது வீணாகிவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதிலும் ஆண்களுக்கு 18 முதல் 21 வயதுக்குள்ளும் வளர்ச்சி அடங்கும். இளையர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்கணும். உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு, தேசிய சேவை, பல்கலைக்கழகம் எல்லாம் வரிசையாக வருவது அதே வயதில்தான். தேர்வு எப்போது, தேசிய சேவை எப்போது தொடங்குகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக முதலில் 12 முதல் 18 மாதம் பிரேசஸ். இங்கேதான் பலர் அதிர்ச்சியடைகிறார்கள். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும்! காரணம் உண்டு. தாடை பொருந்தாததால் பற்கள் இத்தனை வருடமாக ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கச் சாய்ந்து வளர்ந்திருக்கும். அவற்றை முதலில் நிமிர்த்தினால்தான் எலும்பை நகர்த்தியதும் இரண்டு வரிசையும் பொருந்தும். நிமிர்த்தியதும், அதுவரை மறைந்திருந்த உண்மையான இடைவெளி வெளியே தெரிகிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "கம்பி போட்டுக் கெட்டுப்போச்சு" என்றுதான் நினைக்கத் தோன்றும். இப்போது சிலருக்கு அறுவை சிகிச்சையை முதலில் செய்துவிட்டுப் பிறகு பிரேசஸ் போடும் முறையும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது.

மேல்தாடை வெட்டுக்கு 'லெ ஃபோர்' என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் 1901இல், இறந்தவர்களின் தலைகளை மோதச் செய்து முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று ஆராய்ந்தார். படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர் கண்ட கோடுகளில் ஒன்றை ஒட்டித்தான் இன்று அறுவை மருத்துவர்கள் மேல்தாடையைப் பிரிக்கிறார்கள். கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து நகர்த்தும் முறையை 1950களில் உருவாக்கியவர் ஹியூகோ ஓப்வெகேசர். வெட்டுகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் பெரிய தழும்பு வருவதில்லை. நகர்த்திய எலும்பை டைட்டேனியத் தகடுகளும் திருகாணிகளும் பிடித்துக்கொள்ளும். வாயைக் கம்பியால் வாரக்கணக்கில் கட்டிவைத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது மேல், கீழ்ப் பற்களை ரப்பர் பட்டைகளால் இணைத்து வழிநடத்துகிறார்கள்.

மருத்துவமனையில் சில நாள் தங்க வேண்டியிருக்கும். முதல் வாரம் முகம் நன்றாக வீங்கும். செல்ஃபி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 6 வாரம் கஞ்சி, சூப், மென்று தின்னத் தேவையில்லாத உணவுதான். ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், சூப்பை ஆற வைத்துக் குடியுங்கள். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடைக்குள்ளே ஓடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் உதடும் தாடை நுனியும் மரத்துப்போவது சகஜம். சுட்டாலும் தெரியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஓரளவு மரத்துப்போன தன்மை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வயது கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். இதை மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அதன்பிறகும் 6 முதல் 12 மாதம் பிரேசஸ் இருக்கும். ஆகமொத்தம் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு. அறுவை சிகிச்சையால் மெல்லுவதும் பேச்சும் மேம்படலாம். தாடையால் மூச்சுப்பாதை குறுகித் தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்களுக்கும் இரு தாடைகளையும் முன்நகர்த்துவது கைகொடுக்கும். ஆனால் வாயைத் திறக்கும்போது 'டக்' என்று தாடை மூட்டில் கேட்கும் சத்தம் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

யாரிடம் போவது?

சிங்கப்பூரில் பொதுப் பல் மருத்துவரும் பிரேசஸ் போடலாம். எளிய சிக்கல்களுக்கு அது போதும். ஆனால் 'பல்சீரமைப்பு நிபுணர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ள, பல் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு சுமார் 3 ஆண்டு முழுநேரப் பயிற்சி முடித்து, சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினாலே தெரிந்துவிடும்.

சிக்கலான நோயாளியை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. தாடை அறுவை மருத்துவரும் பல்சீரமைப்பு நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்குக் குழு இன்னும் பெரிது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் அதற்கென்றே தனி நிலையம் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, கோரைப்பல் இறங்கும் முன் ஈறு எலும்பில் ஒட்டு வைப்பது, பிரேசஸ் என்று பதின்ம வயதைத் தாண்டியும் நீளும்.

அரசாங்கச் சலுகைக் கட்டணத்தில் தேசியப் பல் மருத்துவ நிலையத்திலோ தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்திலோ நிபுணரைப் பார்க்க, பலதுறை மருந்தகம் போன்ற இடத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் தேவை. வரிசை நீளலாம். தனியார் நிலையம் வேகமானது, செலவும் அதற்கேற்ப. பிரேசஸுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது, சாஸ் உதவியும் இல்லை. மருத்துவத் தேவைக்கான தாடை அறுவை சிகிச்சைக்கு மெடிசேவை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். அழகுக்காக மட்டும் என்றால் முடியாது. ஆகவே மருத்துவர் காரணமாக எதை எழுதுகிறார் என்பது உங்கள் பணப்பையையும் தொடுகிறது. தேதி குறிக்கும் முன் மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

ஜொகூர் பாருவில் மலிவாயிற்றே என்று கேட்கலாம். எளிய சிக்கலுக்குப் பலர் போய் வருகிறார்கள்தான். ஆனால் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை காஸ்வே நெரிசலில் போய்வர வேண்டும். அறுவை சிகிச்சையோடு சேர்ந்த சிகிச்சை என்றால், கம்பி ஒரு நாட்டிலும் கத்தி இன்னொரு நாட்டிலும் இருந்தால் திட்டம் போடுபவர்கள் பேசிக்கொள்வதே கஷ்டம்.

இணையத்தில் வாங்கும் அலைனர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அலைனர் நல்ல கருவிதான், நிபுணர் கையில் நிறையவே செய்யும். அச்செடுத்து அனுப்பினால் பெட்டி வீட்டுக்கு வரும் என்ற முறையில்தான் ஆபத்து. எக்ஸ்ரே இல்லாமல் எலும்பையும் வேரையும் யார் பார்ப்பது? அந்த முறையைப் பிரபலப்படுத்திய அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

கம்பியைக் கழற்றிய பிறகு

பற்களுக்குப் பழைய இடத்தின் ஞாபகம் போவதில்லை. ஈறின் நார்கள் அவற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ரீடெய்னர். முதலில் மருத்துவர் சொல்லும் நேரமெல்லாம், பிறகு இரவில் மட்டும். எவ்வளவு காலம்? பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை.

இந்தக் கட்டுரையை எழுதுபவர் தம் முதல் ரீடெய்னரை உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூவில் சுற்றி மேசைமேல் வைத்து, சாப்பிட்டு முடித்ததும் நல்ல குடிமகனாகத் தட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டவர். "அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டதில் கீழ் முன்பல் ஒன்று திரும்பிக்கொண்டது. தொலைத்தால் அந்த வாரமே மருந்தகத்தைக் கூப்பிடுங்கள். பெட்டியைப் பையிலேயே வைத்திருங்கள், டிஷ்யூ வேண்டாம்.